பாட்டில் வந்தவர்களுக்கு இலை

தவசிச்சாமிக்குக் கோபம் வரும். ஞானிக்குக் கோபம் வரலாமா என்று கேட்கிறவர்கள் ஆற்றங்கரை மடத்துப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. அப்படிக் கேட்ட ஒருவர்மேல் சொம்பு பறந்தது. பிறகு சாமியே எழுந்து போய் அந்தச் சொம்பை எடுத்து, தண்ணீர் மொண்டு அவருக்குக் குடிக்கக் கொடுத்தார். ஊருக்குச் சொம்பு பறந்த கதை மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

அந்த மடத்தில் சங்கரலிங்கம் ஒரு சீடர். சாமியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். முன்பு சாயக்காரராக இருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவருடைய ஊர். அங்கே ஒரு வீடும், வடிவு என்று ஒரு மனைவியும், ஒரு கைக்குழந்தையும், வயதான அப்பாவும் இருந்தார்கள். ஒரு ராத்திரி யாரிடமும் சொல்லாமல் கிளம்பி மடத்துக்கு வந்துவிட்டார்.

வந்தபோது அவருடைய இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் அவுரி நீலச் சாயம் ஏறி ஏறிக் கறுத்துக் கிடந்தன. பூசைப் பாத்திரத்தை அந்தக் கையால் தொடவிடவில்லை மற்றச் சீடர்கள். தோல் உரிந்து, நகம் வளர்ந்து, கறை முழுக்கப் போக ஒரு வருஷம் பிடித்தது. இப்போது கை பளிச்சென்று இருக்கிறது. அதில் அவருக்கு ஒரு திருப்தி உண்டு.

இன்னொன்றிலும் திருப்தி உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் வீட்டிலிருந்து ஓர் ஆள் அவரைத் தேடி வந்தான். சங்கரலிங்கம் வெளியே வரவில்லை. "வீடே இல்லாதவனுக்கு வீட்டுச் சேதி எதுக்கு?" என்று சொல்லி அனுப்பினார். அந்த ஆள் வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனான். அந்தப் பதிலை மற்றச் சீடர்கள் மெச்சிக்கொண்டார்கள். மெச்சினால் யாருக்குத்தான் பிடிக்காது?

அந்த மடத்தில் காவி சும்மா கிடைக்காது. வெள்ளை வேட்டியோடு பல வருஷம் கிடந்து, சொந்தமாகப் பாட்டுக் கட்டி, குருபூசையன்று சபையில் பாட வேண்டும். சாமி கேட்டுத் தலையசைத்தால் காவி உண்டு. அதோடு ஒரு வழக்கமும் உண்டு. பாட்டில் யார் யார் வருகிறார்களோ அவர்களுக்கெல்லாம் அன்றைக்கு முதல் பந்தியில் இலை போட வேண்டும். பாடியவரே தன் கையால் பரிமாற வேண்டும். முருகன் வந்தால் முருகனுக்கு இலை. காக்கை வந்தால் காக்கைக்கு. ஒருமுறை ஒரு சீடர் மனசை யானை என்று பாடிவைத்துவிட்டார். கோயில் யானைக்கு ஒரு வண்டிக் கரும்பு வாங்கிப் போட்டுவிட்டு, இனி ஜென்மத்துக்கும் மனசைப் பற்றிப் பாடமாட்டேன் என்று கும்பிட்டார் மனுஷர்.

சாமி வடக்கே யாத்திரை போயிருந்த சமயத்தில் சங்கரலிங்கம் தன் பாட்டைக் கட்டி முடித்தார். மெட்டு சுலபமான மெட்டு. வெள்ளிக்கிழமை பஜனையில் அவர் பாட, வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சாமி திரும்புவதற்குள் பாட்டு ஆற்றைத் தாண்டிச் சந்தை வரைக்கும் போய்விட்டது.

சாமி வந்த மறுநாள் காலையில் சங்கரலிங்கம் குளித்து, விபூதி பூசி, அவர்முன் உட்கார்ந்தார்.

"பாடும்" என்றார் சாமி.

சங்கரலிங்கம் பாடினார்.

செக்கச் சிவந்தொரு முற்றம் - அதில்
சிந்திக் கிடப்பதென் ரத்தம்
வாசலில் வெள்ளைக் கிழவன் - எனை
வாரிக் கொடுபோகும் கள்வன்

மஞ்சள் நிறத்தொரு பிள்ளை - அவள்
வந்து பிறந்ததென் தொல்லை
கட்டிப் பிடிக்குதோர் கை - அது
கன்னங் கரியதோர் பொய்

ஞானப் புனல்கொண்டு ஊற்று - அந்த
ஈனக் கறைதன்னை மாற்று

சாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"யாருவே இவங்கல்லாம்?"

இந்தக் கேள்விக்காகத்தான் சங்கரலிங்கம் இத்தனை மாதம் காத்திருந்தார். "முற்றமும் வாசலும் உள்ள வீடுன்னா உடம்பு, சாமி. முற்றத்துச் சிவப்பு ரஜோகுணம். வாசல்ல இருக்கிற கிழவன் காலன். நரையோட வெள்ளை. பிள்ளை பொன்னாசை, அதான் மஞ்சள்."

"கை?"

"மாயை, சாமி. பொம்பளை ரூபத்துல வந்து நம்மளப் பிடிக்குது. கறுப்பு அறியாமை."

"உமக்குப் பொண்டாட்டி உண்டுல்லா?"

"இருந்தா."

"செத்துட்டாளா?"

"இல்ல சாமி."

"பெறகு என்னவே இருந்தா?"

சங்கரலிங்கம் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"பிள்ளை?"

"ஒண்ணு. பொம்பளப் பிள்ளை."

"அப்பா?"

"உண்டு."

"உம்ம வீட்டு முற்றம் என்ன நெறம்?"

"சாயவேர் நூல அலசுற முற்றம்..." என்று ஆரம்பித்தவர், கொஞ்சம் நிறுத்தி, "சிவப்பு" என்றார். "ஆனா பாட்டு அதப் பத்தினது இல்ல, சாமி. எல்லாம் தத்துவம். பாட்டு தேறுமா?"

சாமியின் முகம் ஏற்கெனவே சிவந்துவிட்டிருந்தது. ஆனால் குரல் ஏறவில்லை. அது இன்னும் மோசம் என்று மடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"எத்தன இலை?" என்றார்.

"சாமி?"

"முற்றத்துக்கு ஒண்ணு. கிழவனுக்கு ஒண்ணு. பிள்ளைக்கு, கைக்கு. வண்டியக் கட்டச் சொல்லும். குருபூசைக்கு வந்து சேரணும்."

சங்கரலிங்கத்துக்குச் சுருக்கென்றது. "தத்துவத்துக்கு எங்கயாவது இலை போடுவாங்களா? இவ்வளவு வருஷம் கழிச்சு அந்த வீட்டு வாசலுக்கு ஆள் அனுப்பினா, நான் விட்டதெல்லாம் என்னத்துக்கு?"

"ஆனைக்குக் கரும்பு போட்டோம். மாயைக்கு ஒரு வாய் சோறு போட மாட்டீரோ?"

"அவங்க இல்ல சாமி அது! நான் பாடினது அவங்கள இல்ல!"

"அப்போ வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும். உமக்கு என்ன நஷ்டம்?"

வண்டிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். "ஆளுகளக் கூட்டியாந்துருவேன் சாமி. முற்றத்த எப்படிக் கூட்டியாறது?"

"ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வாரும்" என்றார் சாமி. அதை மட்டும் கத்திச் சொன்னார்.

குருபூசை வரைக்கும் சங்கரலிங்கம் கொதித்துக்கொண்டே இருந்தார். துணி துவைக்கிற கல்லில் சாமியின் காவியை அடித்த அடியில் அது கிழியாமல் தப்பியது பெரிய காரியம். சாமிக்குப் பொறாமை என்று தோன்றியது. சாமி இத்தனை வருஷத்தில் கட்டின ஒரு பாட்டாவது ஆற்றைத் தாண்டியிருக்கிறதா? சின்ன வயதிலேயே பீடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டவருக்கு ஒரு வீட்டை விட்டுவிட்டு வருவது என்றால் என்னவென்று தெரியுமா? இவருக்கு விட ஏது வீடு? இப்படியெல்லாம் நினைத்தார். நினைத்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டார்.

குருபூசையன்று உச்சிவேளை. கூடத்தில் முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று. சாமி எதிரே மணைப்பலகையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் புதுக் காவி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. சங்கரலிங்கத்தின் கண் அடிக்கடி அதன்மேல் போயிற்று.

முதல் இலையில் வண்டிக்காரர் கொண்டுவந்த மண் இருந்தது. ஒரு பிடிதான். உலர்ந்துபோய், செங்கல்லைப் பொடித்தது மாதிரி இருந்தது. சங்கரலிங்கம் குனிந்தபோது சாயவேரின் காரவாடை மூக்கில் ஏறியது. சட்டென்று நிமிர்ந்துகொண்டார்.

வண்டி வாசலில் வந்து நின்றது. வடிவு இறங்கினாள். கூடவே பாவாடை தாவணியில் ஒரு பெண். அவ்வளவுதான். வேறு யாரும் இறங்கவில்லை.

வடிவு முந்தானையை இழுத்துப் போர்த்தி, கைகளை உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் அவளையே பார்த்தார்கள். பாட்டும் சங்கரலிங்கம் அதற்குச் சொன்ன பொருளும் எல்லாருக்கும் பாடம். மாயை நேரில் எப்படி இருக்கும் என்று பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது?

அந்தப் பெண் வரிசையாக நின்ற சீடர்களைப் பார்த்தாள். "எம்மா, இதுல எவரு?"

"எனக்கும் தெரியல, கோமு" என்றாள் வடிவு. ரகசியமாகச் சொல்லவில்லை. "கையைப் பாத்துக் கண்டுபிடிச்சிரலாம்னு வந்தேன். எல்லாரு கையும் சுத்தமால்லா இருக்கு."

யாரோ சிரித்தார்கள். சங்கரலிங்கத்தின் காது சூடாகியது. சோற்றுத் தவலையோடு முன்னால் வந்தார்.

"நான்தான்."

கோமு அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் கன்னத்திலும் நெற்றியிலும் இரண்டு மூன்று அம்மைத் தழும்பு இருந்தது. நேராகப் போய்த் தன் இலைமுன் உட்கார்ந்தாள்.

வடிவு இரண்டாவது இலையைப் பார்த்தாள். "இது யாருக்கு?"

"அப்பாவுக்கு" என்றார் சங்கரலிங்கம். அந்த வார்த்தையை வாயால் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. "வரலையா?"

வடிவு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியாதா?"

"என்ன?"

"கொள்ளி வைக்க ஆள் வேணும்னு இங்க ஆள் அனுப்பினேனே! வாசல்ல கால் கடுக்க நின்னுட்டுத் திரும்பி வந்தானே! வீட்டுச் சேதி எதுக்குன்னு கேட்டீகளாமே. அத எங்கிட்ட வந்து அப்படியே சொன்னான், அழுதுக்கிட்டே. அடுத்த தெரு சாயக்காரர் மகன் கொள்ளி வச்சான் ஒங்க அப்பாவுக்கு. சாகுற வரைக்கும் வாசல்லயேதான் இருந்தாரு. ஒங்கள வாரிட்டுப் போறதுக்கா? நீங்க வாறீகளான்னு பாக்கதுக்கு."

மெச்சிக்கொண்ட சீடர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கரலிங்கத்துக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் கோபம்தான் வந்தது. எல்லார்மேலும் வந்தது. அந்த ஆள்மேல், ஒரு வார்த்தை உரக்கக் கத்திச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று. சாமிமேல், இத்தனை பேருக்கு நடுவில் இதைக் கேட்கவைத்ததற்கு. அப்பாமேல்கூட வந்தது.

"பாட்டப் பாடும்" என்றார் சாமி. "பாடின பெறகுதான் சாப்பாடு."

"சாமி, இப்போ..."

"பாடும்வே!"

சங்கரலிங்கம் பாடினார். கோபத்தில் குரல் வழக்கத்தைவிட ஓங்கி வந்தது. முற்றத்தைப் பாடினார். கிழவன் வந்தபோது குரல் ஓர் இடத்தில் தட்டிற்று. அதையும் தாண்டிப் போனார். மஞ்சள் நிறத்தொரு பிள்ளை என்று எடுத்தார்.

"இதக் கேளு, கோமு" என்றாள் வடிவு. "இது ஒன்னையப் பாடினது. அம்மை போட்டு ஒனக்குத் தலைக்குத் தண்ணி விட்ட அன்னைக்கு, மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு உச்சந்தலையில இருந்து பாதம் வரைக்கும் பூசிப் படுக்க வச்சிருந்தேன். அன்னைக்கு ராத்திரிதான் இவரு போனது. கடைசியாப் பாத்தது அந்த மஞ்சளத்தான். அத ஞாபகம் வச்சிருக்காரே, பரவால்ல."

சங்கரலிங்கத்தின் வாய் அடுத்த வரியைத் தானாகவே பாடிக்கொண்டிருந்தது. மெட்டுக்கு அப்படி ஒரு பழக்கம். கட்டிப் பிடிக்குதோர் கை.

வடிவு தன் இலைமுன் உட்கார்ந்து, முந்தானைக்குள்ளிருந்து கைகளை எடுத்து இலைமேல் வைத்தாள்.

பாட்டு நின்றுவிட்டது.

இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் கறுத்திருந்தன. நகக்கண்ணில், விரல் இடுக்கில், உள்ளங்கை ரேகையில் எல்லாம் அவுரி ஏறியிருந்தது. பச்சை இலைமேல் அவை இன்னும் கறுப்பாகத் தெரிந்தன. வேறு யாருக்கு அது எப்படித் தெரிந்ததோ, சங்கரலிங்கத்துக்கு அது தன்னுடைய கை. மடத்துக்கு வந்த அன்று அவர் கொண்டுவந்த அதே கை.

அந்தப் பாட்டைக் கட்டும்போது வடிவின் கை அவர் நினைவில் கறுப்பாக இல்லை. வீட்டுப் பெண்கள் நூலை அலசுவார்கள், காயப்போடுவார்கள். அவுரித் தொட்டியில் அவர்களைக் கைவைக்க விடுவதில்லை. அந்த நாற்றமும் அந்தக் கறையும் ஆண்களோடு போகட்டும் என்று அந்தத் தெருவில் ஒரு கட்டுப்பாடு. கறுப்பு என்று அவர் போட்டது தத்துவத்துக்காகத்தான். சத்தியமாக அவ்வளவுதான்.

"எங்கைய இப்படி நீங்க பாத்ததே இல்லல்லா" என்றாள் வடிவு. "பாக்காமயே எப்படிச் சரியாப் பாடினீக? சந்தையில நூல் வாங்கப் போனா, கரிய பொய் வந்தாச்சு, கையைப் பாருன்னு சின்னப் பிள்ளைகள் பின்னாடியே பாடிட்டு வருது. கோமு அதுகமேல கல்லெடுத்து எறியுறா. தொட்டியில நான் கைய வைக்காம வேற யாரு வைப்பா? ஒங்க அப்பாவுக்குக் கஞ்சி இந்தக் கைதான் ஊத்திச்சு. இந்தக் கை யாரையும் கட்டிப் பிடிக்கல. பிடிச்சிருந்தா நீங்க போயிருப்பீகளா?"

"வடிவு, பாட்டுல வாறது நீ இல்ல" என்றார் சங்கரலிங்கம்.

"இலை எனக்குத்தான போட்டிருக்கு?"

சங்கரலிங்கம் சாமி பக்கம் திரும்பினார். ஆத்திரம் பொங்கியது.

"இதுக்குத்தான் கூட்டிட்டு வரச் சொன்னீகளா? சபையில வச்சு என்னய அவமானப்படுத்தவா? பாட்டு தேறாதுன்னா தேறாதுன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! காவி இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல. பாட்டு தேறுமா, தேறாதா?"

சாமிமேல் அந்த மடத்தில் யாரும் அதுவரை கத்தியதில்லை. சொம்பு பறக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். சாமி சொம்பை எடுக்கவும் செய்தார். எடுத்துச் சங்கரலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

"இன்னும் ரெண்டு வரி பாக்கி" என்றார். "அதப் பாட வேண்டாம். செய்யும். சாப்பிடுறதுக்கு முன்னால கை கழுவணும்லா. ஊத்தும்."

சங்கரலிங்கம் சொம்பையும் வடிவின் கையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஊத்தும்வே. புனல்கொண்டு ஊத்துன்னு ஊருக்கெல்லாம் சொன்னவரு நீருதான?"

வடிவு கைகளை நீட்டினாள். கோமு எழுந்து ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து கீழே பிடித்தாள். சங்கரலிங்கம் ஊற்றினார். தண்ணீர் கறுத்த கையில் விழுந்து, தெளிவாகவே தாம்பாளத்தில் இறங்கியது. சொம்பு காலியானது. ஒரு சீடர் ஓடிப்போய்க் குடத்தோடு கொண்டுவந்து வைத்தார். சங்கரலிங்கம் மறுபடியும் மொண்டு ஊற்றினார். விரலைத் தேய்த்துப் பார்த்தார். தேய்க்கும்போதே தெரியும் அவருக்கு. இத்தனை வருஷம் தொழில் செய்தவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? இருந்தாலும் தேய்த்தார். தாம்பாளம் நிறைந்து வழிந்து, சிவந்த மண் இருந்த இலை வரைக்கும் ஓடியது.

"போச்சா?" என்றார் சாமி.

"இல்ல, சாமி."

"ஏன்?"

"அவுரி, சாமி. தண்ணிக்குப் போகாது."

"உம்ம கையில இருந்தது எப்படிப் போச்சு?"

"அது தானாப் போச்சு."

"தானாவா?"

சங்கரலிங்கம் தன் கையைப் பார்த்தார். ஈரமாக, சுத்தமாக இருந்தது. வடிவின் விரல்கள் இன்னும் அதற்குள்தான் இருந்தன.

"நான் தொட்டியில இருந்து கைய எடுத்துட்டேன், சாமி" என்றார். குரலில் இருந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. "எடுத்தாத்தான் போகும்."

சாமி பக்கத்தில் இருந்த காவியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ இவங்களையும் தொட்டியில இருந்து கைய எடுக்கச் சொல்லும்" என்றார்.

சங்கரலிங்கம் வடிவைப் பார்த்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் சொல்லட்டும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.